வாசகர் கேள்வி – பதில்: புள்ளிப் பட்டியலும் மகஜரும்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களுட் பல, தொண்டர்களைப் புள்ளிகளாலும் தரவரிசையாலும் பரிசுகளாலும் ஊக்குவிப்பது பற்றியே கேட்டிருந்தன. பொதுப் பிரச்சினைகளுக்காக அதிகாரிகளிடம் பரிந்துபேசும் செயற்றிட்டங்களை நடத்துவோர் எழுதிய கடிதங்கள் என்பதால், அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் சேரும் பொலித்தீன், பிளாஸ்டிக் கழிவுகள் தொடர்பாக உள்ளூராட்சி மன்றத்துக்கு மகஜர் கையளிப்பதற்காக எமது இளைஞர் குழு கையொப்பம் சேர்த்துவருகிறது. யார் எத்தனை கையொப்பம் சேர்த்தார் என்பதை வரிசைப்படுத்தி ஞாயிறுதோறும் வட்ஸ்அப் குழுவில் இடுகிறோம். தொடக்கத்தில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். இப்போது முதல் மூன்று நான்கு பேரைத் தவிர ஏனையோர் ஒதுங்கிவிட்டார்கள். பட்டியலை நிறுத்திவிடலாமா, ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, அம்மா. ஆனால் இப்போதிருக்கும் வடிவத்தில் அதை இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இட வேண்டாம்.

உங்கள் பட்டியல் தொடக்க நாளிலிருந்து சேர்ந்த மொத்த எண்ணிக்கையைக் காட்டுகிறது. முதல் வாரத்திலேயே முந்திக்கொண்டவரை, பின்னர் வந்து சேர்ந்தவர் எவ்வளவு முயன்றாலும் எட்ட முடியாது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, பொழுதுபட்ட பின் வீட்டை விட்டு வெளியே செல்ல அனுமதியில்லாத இளம்பெண், கடையில் வேலை செய்துவிட்டு ஓய்வுநாளில் மட்டும் வருபவர் ஆகியோருக்கு அந்தப் பட்டியல் வாரந்தோறும் சொல்வதெல்லாம் அவர்கள் கடைசியில் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஊக்கம் தேவைப்படாதவர்கள் பட்டியலின் உச்சியில் இருக்கிறார்கள். அது தேவைப்படுகிறவர்களைத்தான் பட்டியல் விரட்டுகிறது.

இந்தச் சிக்கல் பெரிய அமைப்புகளுக்கும் நேர்ந்ததுண்டு. 2008 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலுக்காகப் பராக் ஒபாமாவின் ஆதரவாளர்கள் பயன்படுத்திய இணையத்தளத்தில், கூட்டம் ஒழுங்குசெய்தல், தொலைபேசி அழைப்பு, நிதி சேர்த்தல் ஆகியவற்றுக்கெல்லாம் முதலில் புள்ளிகள் குவிந்துகொண்டே போயின. பின்னர் அதைக் கைவிட்டு, அண்மையில் செய்த வேலைக்குக் கூடுதல் நிறை தந்து, ஒன்றும் செய்யாதிருந்தால் தானாகவே இறங்கிவிடும் வகையில் 1 முதல் 10 வரையான செயற்பாட்டு அளவொன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய சாதனையைச் சாய்மனைக் கதிரையாக்கிக்கொள்ள அதில் யாராலும் முடியாது. புதிதாக வந்தவருக்கும் வழி திறந்திருந்தது. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலி இதையே வேறுவிதமாகச் செய்கிறது. கோடிக்கணக்கானோரை ஒரே வரிசையில் நிறுத்தாமல், 30 பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் கணக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் குழுவுக்கு இவற்றுள் எளிதானது வாராந்தக் கணக்குத்தான். முதல் மூவரின் பெயரை மட்டும் பொதுவில் அறிவித்து, ஏனையோருக்கு அவரவர் சென்ற வாரக் கணக்கையும் இந்த வாரக் கணக்கையும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, நீங்கள் எண்ணுவதற்குத் தெரிவுசெய்துள்ள பொருளில் இருக்கிறது. ஓர் அளவைக் காட்டி ஆட்களை நெருக்கத் தொடங்கினால், அந்த அளவு தான் காட்டவேண்டியதைக் காட்டாமற் போய்விடும் என்ற கருத்தை, பிரித்தானியப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் நாணயக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது முன்வைத்தார். கையொப்பத்துக்குப் புள்ளி என்றால் கையொப்பங்கள் வரும். நிலாவெளிக் கடற்கரையில் இரண்டு நாள் தங்க வந்த உல்லாசப் பயணியின் கையொப்பமும், என்னவென்று வாசிக்காமலேயே இட்ட கையொப்பமும், ஒரே வீட்டில் இருமுறை பெற்ற கையொப்பமும் அவற்றுள் அடங்கும். மகஜரைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி தாள்களைப் புரட்டியதும், இவர்கள் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவினர், இவர்களுடைய கோரிக்கைதான் என்ன என்றே கேட்பார். அந்தக் கேள்விக்கு விடையில்லாத ஆயிரம் கையொப்பங்களைவிட, முகவரியும் பிரிவும் குறித்து, தமது வீட்டருகே கழிவு சேரும் இடத்தையும் ஒரு வரியில் எழுதிக் கையொப்பமிட்ட நூறு பேர் பெறுமதியானவர்கள்.

ஆகவே புள்ளிகளை வேறுவிதமாகப் பகிருங்கள். முழு விபரத்துடன் கூடிய கையொப்பத்துக்கு ஒரு புள்ளி. கழிவு சேரும் இடத்தைத் திகதியுடன் படம்பிடித்து வரைபடத்தில் குறித்ததற்கு அதனிலும் கூடியது. சபை அமர்வுக்கோ பிரதேச செயலகத்துக்கோ சென்று குறிப்பெடுத்து வந்ததற்கு இன்னும் கூடியது. கையளித்த மகஜருக்கு என்ன நடந்தது என்று திரும்பப் போய்க் கேட்டு, எழுத்திலான பதிலொன்றை வாங்கிவந்தவருக்கே எல்லாவற்றிலும் உயர்ந்த புள்ளி. மகஜரைக் கையளிக்கும்போது வரிசையாக நின்று படமெடுத்துக்கொள்வதும் அதன்பின் அதை மறந்துவிடுவதும் எங்கள் பொதுவாழ்வில் ஊறிப்போன பழக்கம். 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கும் உணவு பொதியிடும் பொலித்தீன் தாளுக்கும் 2017 செப்டெம்பர் முதலே நாட்டில் தடை இருக்கிறது. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவின் பவளப்பாறைகள் உங்கள் கரையிலிருந்து பார்வைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. புதிய சட்டம் எதையும் நீங்கள் கேட்கவில்லை. இருப்பதை நடைமுறைப்படுத்தும்படிதான் கேட்கிறீர்கள். அப்படிப்பட்ட கோரிக்கையை முன்னெடுத்துச் செல்வது திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதுதான். அந்த வேலைக்கு உங்கள் பட்டியலில் இதுவரை ஒரு நிரல்கூட இல்லை.

எங்கள் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஓடுகிறவர் மட்டுமே இல்லத்துக்குப் புள்ளி பெற்றுத்தருவதில்லை. அணிநடைக்கும் இல்லச் சோடனைக்கும் புள்ளி இருப்பதால்தான், நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒருபோதும் வெல்ல முடியாத பிள்ளையும் பின்னேரம் வரை நின்று தென்னோலை பின்னுகிறது. கூச்சத்தால் வீடு வீடாகச் செல்லாத உங்கள் தொண்டர், கடிதம் எழுதுவதிலோ சிங்களத்தில் மொழிபெயர்ப்பதிலோ வல்லவராக இருக்கலாம். அவருக்கும் புள்ளி பெற ஒரு வழி இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மாணவர் மன்றத்தில் அதிகம் வேலை செய்பவருக்கு மாதந்தோறும் தொலைபேசி ரீலோட் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்துள்ளது. சிறு தொகைதான். இது நல்லதா?
– ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: சிறு தொகை என்பதே இதில் ஆபத்தான பகுதி. பொருளியலாளர்கள் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தொண்டு நிறுவனங்களுக்காக வீடு வீடாகச் சென்று நிதி சேர்த்த பாடசாலை மாணவர்கள் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அந்த வேலையின் முக்கியத்துவம் மட்டும் எடுத்துச் சொல்லப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குச் சேர்க்கும் தொகையில் 1 சதவீதமும், மூன்றாம் பிரிவினருக்கு 10 சதவீதமும் ஊதியமாகத் தருவதாகக் கூறப்பட்டது. ஆகக் குறைவாகச் சேர்த்தவர்கள் 1 சதவீதம் பெற்றவர்கள். ஆகக் கூடுதலாகச் சேர்த்தவர்கள் ஒன்றுமே பெறாதவர்கள். சும்மா செய்தவரை ஊர் ‘நல்ல பிள்ளை’ என்கிறது. நூறு ரூபாய் ரீலோட்டுக்குச் செய்தவர், தன் உழைப்பின் விலை நூறு ரூபாய்தானா என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்.

சிறுவர்களிடமும் இதையொத்த ஒன்றை அமெரிக்க உளவியலாளர்கள் 1973 இல் கண்டார்கள். வண்ணப் பேனாக்களால் வரைவதை விரும்பிய முன்பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பொன்னிற நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாட்களின் பின் பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். அதேவேளை, முன்னறிவிப்பு இல்லாமல் பின்னர் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனவே ரீலோட்டை விடுங்கள். செலவை ஈடுசெய்வது வேறு விடயம்: கந்தளாய்க்கோ கொழும்புக்கோ பேருந்தில் போய்வந்த மாணவருக்குப் பயணச் செலவைக் கொடுப்பது கடமை, அதைப் பரிசென்று பெயரிட்டு வெற்றியாளருக்கு மட்டும் கொடுப்பதுதான் தவறு. பாராட்ட விரும்பினால், அறிவிக்காமல், என்ன செய்தார் என்பதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். விக்கிப்பீடியாவில் அதிகம் பங்களிக்கும் 1 சதவீதத்தினருட் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, சக பயனரின் நன்றியாக ஒரு நட்சத்திரச் சின்னத்தை மட்டும் வழங்கிப் பார்த்த 2012 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், சின்னம் பெற்றோரின் பங்களிப்பு பெறாதோரினதைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. பண மதிப்பு ஏதும் அதற்கில்லை.

கேள்வி: கிராமத்துக்கொரு அணி என்று பிரித்து, எந்தக் கிராமம் முன்னிற்கிறது என்று பலகையில் போட்டால் போட்டி சூடுபிடிக்குமல்லவா?
– வாசகர், கிண்ணியா

பதில்: சூடுபிடிக்கும்; அதுவே என் அச்சமும்கூட. எங்கள் மாவட்டத்தில் கிராமத்தின் பெயரைச் சொன்னாலே அங்கு வாழ்வோர் தமிழரா, முஸ்லிம்களா, சிங்களவரா என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிராமங்களை வரிசைப்படுத்தும் பலகையைப் பார்ப்பவர்கள் சமூகங்களை வரிசைப்படுத்தும் பலகையாகவே அதை வாசிப்பார்கள். அதை வைத்தவருக்கு அப்படியொரு எண்ணம் சற்றும் இல்லாதிருந்தாலும் பயனில்லை. குடிநீருக்காகவோ வீதிக்காகவோ மூதூரும் கிண்ணியாவும் தம்பலகாமமும் சேர்ந்து குரல்கொடுக்க வேண்டிய இடத்தில், ஒன்றையொன்று முந்துவதே நோக்கமாகிவிடும்.

அணிகள் வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கிக் கலந்து அமையுங்கள். ஒவ்வோர் அணியிலும் வெவ்வேறு ஊரவர் இருக்கட்டும். இரு மொழியும் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். அணி சிறிதாக, ஐந்தாறு பேருக்கு மேற்படாமல் இருந்தால் யார் வரவில்லை என்பதை மற்றவர்களே கவனித்து விசாரிப்பார்கள். அதற்குப் பட்டியல் தேவைப்படாது.

கேள்வி: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இளைஞர்களைப் பழக்குகிறோம். அதிக விண்ணப்பம் போட்டவருக்கு முதலிடம் என்று வைத்தோம். ஒரே நாளில் ஒருவர் பன்னிரண்டு விண்ணப்பம் போட்டுவிட்டார், அத்தனையும் ஒரே கேள்வி. புள்ளியை எப்படி அமைப்பது?
– வாசகர், மூதூர்

பதில்: அவர் உங்கள் விதியைத்தான் பின்பற்றியிருக்கிறார், அவரைக் கடிய வேண்டாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தைச் சொல்லாமலேயே பிரசை ஒருவர் தகவல் கோரலாம் என்பது அதன் பெரும் பலம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாயிருந்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதிலும் திருப்தியில்லையென்றால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. இந்தச் சட்டமே படிகளாக அமைந்திருப்பதால், உங்கள் புள்ளிகளையும் அந்தப் படிகளிலேயே வைத்துவிடலாம். விண்ணப்பத்தைக் கையளிப்பதற்குச் சிறு புள்ளி. பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் காட்டினால் மேலும் ஒன்று. கெடு முடியும் நாளைக் குறித்துவைத்து, அன்று தவறாமல் போய் விசாரிப்பது அடுத்தது. பதில் கிடைத்ததும் அதை வாசித்து, ஊர்க்கூட்டத்தில் பத்து நிமிடம் விளக்கிச் சொல்வதற்கு ஆகக் கூடிய புள்ளி.

ஒரே கேள்வியைப் பலமுறை அனுப்புவதைத் தடுக்க, விண்ணப்பத்தைக் கையளிக்கும் முன் அதை இன்னொரு தொண்டர் வாசித்து ஒப்புதலளிக்க வேண்டும் என்று விதியுங்கள். பன்னிரண்டு வெற்று விண்ணப்பங்களைப் பெற்ற அலுவலர் பதின்மூன்றாவதாக வரும் நியாயமான கேள்வியையும் தொல்லை என்றே எடுத்துக்கொள்வார். அந்தச் சுமை உங்கள் ஊரின் அடுத்த விண்ணப்பதாரர் தலையில் விழும். மறுப்புக் கிடைத்தவருக்குப் புள்ளி குறையக்கூடாது என்பதையும் மறவாதீர்கள். மறுப்புக் கடிதமும் ஒரு விளைவுதான். மேன்முறையீட்டுக்கு அதுவே அடிப்படை.

இன்னொன்று. சின்னங்களோ பதக்கங்களோ வழங்குவதாக இருந்தால் அவை முடிவடையும் இடத்தைக் கவனியுங்கள். கணினி நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், பதக்கம் நெருங்க நெருங்கப் பயனரின் வேலை கூடுவதையும், பெற்றுக்கொண்டவுடன் அது சரிவதையும் 2013 இல் காட்டினார்கள். விண்ணப்பம் கையளித்ததும் பதக்கம் கொடுத்தால் அந்த இடத்திலேயே எல்லோரும் நின்றுவிடுவார்கள். பதிலை ஊருக்குச் சொன்ன பிறகே கொடுங்கள்.

கேள்வி: முன்னணியில் இருப்பவர்களின் பெயரையும் படத்தையும் முகநூலில் போட்டால் மற்றவர்களும் வருவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாளே மதிலில் படத்துடன் பதாகை கட்டிப் பழகிய ஊரில் இந்த யோசனை வருவது இயல்பு. ஆயினும் உங்கள் தொண்டர்கள் செய்வது பரீட்சையன்று; அதிகாரத்தில் உள்ளவர்களிடம் கேள்வி கேட்கும் வேலை. யார் அதிகம் கேட்கிறார் என்று படத்துடன் வரிசைப்படுத்திய பட்டியலை, அந்தக் கேள்வியை விரும்பாதவரும் பார்ப்பார். கிழக்கில் எத்தனையோ தாய்மார் பிள்ளையை ‘முன்னுக்குப் போய் நிற்காதே’ என்று சொல்லி வளர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறாமல், பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் பெற்றோரிடமும் பெறாமல், எதையும் வெளியிடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கும் இதற்கு அயலானதன்று. குழுவுக்குள்ளேயே புனைபெயரில் புள்ளி காட்டலாம்.

வெளியே காட்டிக்கொள்வதால் வேலை பெருகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒரு நோக்கத்துக்கு எல்லோரும் பார்க்கச் சிறு ஆதரவு தெரிவித்தவர்கள், யாரும் பாராமல் அதே ஆதரவைத் தெரிவித்தவர்களைவிட, பின்னர் உழைப்பு தேவைப்பட்டபோது குறைவாகவே முன்வந்ததாக 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. நல்லவர் என்று காட்டிக்கொள்ளும் தேவை முதலிலேயே நிறைவேறிவிடுவது ஒரு காரணம்.

கேள்வி: எமக்கு நிதி தருபவர்கள் மூன்று மாதத்துக்கொருமுறை எண்களைக் கேட்கிறார்கள்: எத்தனை பேர், எத்தனை கையொப்பம், எத்தனை பகிர்வு. தரவரிசைப் பட்டியலே இல்லாவிட்டால் அறிக்கையில் எதைக் காட்டுவது?
– செயற்றிட்ட இணைப்பாளர், குச்சவெளி

பதில்: அவர்கள் கேட்கும் எண்களைக் கொடுங்கள், அவற்றைத் தொண்டரின் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். அறிக்கைக்கான கணக்கும் ஊக்குவிப்புக்கான பலகையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அலுவலகச் சுவரில் ஆட்களின் பெயருக்குப் பதிலாகக் கோரிக்கைகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஆதாரம் திரட்டியாயிற்றா, கடிதம் கையளித்தாயிற்றா, எப்போது, யாரிடம், பதில் வந்ததா, அடுத்து யார் எந்தத் திகதியில் போக வேண்டும் என்ற நிரல்கள் இருக்கட்டும். உள்ளே நுழையும் தொண்டருக்கு, தான் எத்தனையாவது என்பதற்குப் பதிலாக எந்த வேலை தன் கைக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியும். நகராமல் நிற்கும் கோரிக்கையை நகர்த்தியவருக்கு இரட்டிப்புப் புள்ளி என்று வைத்தால், இலகுவானதை மட்டும் பொறுக்கியெடுக்கும் பழக்கமும் குறையும். அதே பலகை நிதி தருபவருக்கும் ஒரு பக்க அறிக்கையாகிவிடும். எந்த அலுவலகத்தில் எத்தனை கோரிக்கைகள் பதிலின்றிக் கிடக்கின்றன என்பதை அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் முடிவு காட்ட முடியாத விடயங்கள் பல இருக்கும் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சம்பூரில் அமையவிருந்த 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றிய ஆட்சேபங்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. அத்திட்டம் முன்னெடுக்கப்படாது என்று உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது 2016 செப்டெம்பரில்தான். இடையில் வந்துபோன காலாண்டு ஒவ்வொன்றிலும் அதற்கு மதிப்பெண் இட்டிருந்தால் பூச்சியமே வந்திருக்கும். அடுத்த அறிக்கைப் படிவத்தில் ‘நிலுவையிலுள்ளவை’ என்றொரு பகுதியைச் சேர்க்கும்படி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிதியாளர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது படிவத்தில் இல்லை.